சம்பந்தியம்மாளிடம் சொன்ன ‘வேண்டாம்’

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. துலாம் மாதத்து மழை, அதாவது ஐப்பசி மழை; மத்தியானம் மூன்று மணியானால் ஆபீஸ் வேலைக்கு வருவதுபோல் வந்துவிடும். புடவைத் தலைப்பால் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு, திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு மருந்துக்கடையை ஒட்டிய மாடிப்படிகளில் ஏறினேன். முதல் மாடியில்தான் எங்கள் போர்ச்சுகீசிய வகுப்பு. அறை முழுக்க நனைந்த குடைகளின் வாசனை. ஐந்து நர்ஸ் பெண்களும், கோவளத்தில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்கிற செல்வினும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷீபா டீச்சர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. நேரே டீச்சரிடம் போனேன்.

“டீச்சர், எனக்கு இன்னிக்கே கண்டிஷனல் சொல்லித் தரணும்.”

“அய்யோ அம்மே, அது பதினாலாம் பாடமல்லே? நம்மள் இப்போ ஒன்பதில் அல்லே நிக்கிறது?”

“பதினாலுக்கு எல்லாரும் மெதுவா வரட்டும். எனக்கு சனிக்கிழமைக்குள்ள வேணும்.”

அன்று செவ்வாய்க்கிழமை. ஷீபா டீச்சருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. லிஸ்பனில் பன்னிரண்டு வருஷம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவசரம் என்று யாராவது வந்து நின்றால் முதலில் நாற்காலியைக் காட்டிப் பழகியவர். எனக்கும் நாற்காலியைக் காட்டினார். “எந்தா அம்மே, என்ன ஆச்சு?” என்றார்.

“ஒரு கல்யாணம் நின்னு போச்சு டீச்சர். நிறுத்தினது நான்தான்.”

ஐந்து நர்ஸ்களும் செல்வினும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

கண்டிஷனல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் போர்ச்சுகீசிய மொழி படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்க மாட்டார்கள். ‘வருவேனே’, ‘செய்திருப்பேனே’, ‘நீங்கள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்றெல்லாம் நாம் ஆசையை இழுத்து இழுத்துச் சொல்கிறோமே, அதை அவர்கள் வினைச்சொல்லின் கடைசியில் ஒரு சின்ன வாலை ஒட்டிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இன்னும் நடக்காதது, நடக்க வேண்டும் என்று விரும்புவது, மரியாதையாகக் கேட்பது எல்லாவற்றையும் அந்த வால் பார்த்துக்கொள்ளும்.

அந்த வாலுக்காகத்தான் அறுபது வயதில் நான் மழையில் நனைந்துகொண்டு போனேன்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, டைப்பிங் பரீட்சையில் இரண்டு தடவை தோற்ற கதையைப் படித்துவிட்டு, “இதையெல்லாமா வெளியில சொல்லுவா?” என்று எங்கள் தெரு மாமி ஒருவர் கேட்டார். இந்த வாரத்தையும் அவர் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

போர்ட்டோவில் ஒரு மாப்பிள்ளை

எங்களுக்கு ஒரே பெண், மீரா. கடல் பாசியைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. அதற்காகப் போர்ச்சுகலில் போர்ட்டோ என்ற ஊருக்குப் போனாள். போன இடத்தில் நூனோ என்ற எஞ்சினியரைப் பார்த்துவிட்டாள். விஷயத்தை அவள் போனில் சொன்ன பிறகு என் கணவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அந்தப் பையன் தயிர் சாப்பிடுவானா, கேட்டியா?” என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும்.

நூனோவுக்கு அம்மா மட்டும்தான். பெயர் லூர்தெஸ். போர்ட்டோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், ஓர் எலுமிச்சை மரமும் ஏழெட்டுக் கோழிகளுமாக இருக்கிறார். போர்ச்சுகீசியம் தவிர ஒரு வார்த்தை தெரியாது. முதல் தடவை வீடியோவில் பார்த்துக்கொண்டபோது நாங்கள் இரண்டு சம்பந்திகளும் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தோம். கன்னம் வலித்தது. அவர் ஓர் எலுமிச்சம்பழத்தைக் காட்டினார். நான் கையில் அகப்பட்ட முருங்கைக்காயைக் காட்டினேன்.

மீராவை மொழிபெயர்க்கச் சொன்னால் அது இன்னும் மோசம். அந்த அம்மா பத்து நிமிஷம் கையை ஆட்டி ஆட்டி, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுவார். மீரா என் பக்கம் திரும்பி, “நன்னா இருக்காளாம்மா” என்பாள். அவ்வளவுதான். மீதி ஒன்பதே முக்கால் நிமிஷம் எங்கே போயிற்று என்று எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் ஷீபா டீச்சரின் வகுப்பில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும்.

நர்ஸ் பெண்களுக்கு வேலை காத்திருந்தது. செல்வினுக்கு லிஸ்பனில் ஒரு ஹோட்டலில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் ஒருத்திதான் சம்பந்தியிடம் பேசுவதற்காகப் படிக்க வந்தவள். அந்த மொழியில் பாதி மூக்கால் பேச வேண்டும். ‘இல்லை’, ‘வேண்டாம்’ இரண்டுக்கும் அவர்கள் சொல்லும் சொல் ஏறக்குறைய ‘நாவுங்’ என்று கேட்கும். அரிசி களைந்துகொண்டே அதை நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஜலதோஷமா கோமு? மிளகுக் கஷாயம் வெச்சுத் தரட்டுமா?” என்று கேட்டாள்.

அந்தச் சொல்லை நான் நன்றாகக் கற்றுக்கொண்டதுதான் வம்பாகப் போய்விட்டது.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீராவும் நூனோவும் லூர்தெஸ் அம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பேச்சு நடுவில், ரொட்டி வாங்கிவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் வெளியே போனார்கள். நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். லூர்தெஸ் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஜனவரி. நான். இந்தியா. கல்யாணம் அங்கே. வரட்டுமா?

எனக்குப் புரிந்துவிட்டது! பெண்ணின் உதவி இல்லாமல் முழுதாகப் புரிந்துவிட்டது. சந்தோஷம் பொங்கியது. கரமனையில் எங்கள் தெருவிலேயே மகர மாதத்தில் கல்யாணம் வைக்க வேண்டும் என்று நான் ஆறு மாதமாக மனதுக்குள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவராகவே கேட்கிறார்.

நான் முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, கையையும் ஆட்டி, சுத்தமான உச்சரிப்பில் சொன்னேன்: “நாவுங், நாவுங்! நாவுங் எ ப்ரெஸீஸு!”

வேண்டாம், வேண்டாம், அதெல்லாம் தேவையே இல்லை.

“இஷ்தா பைங்,” என்றார் லூர்தெஸ் அம்மா. சரி என்று அர்த்தம். பிறகு எலுமிச்சை மரத்தைப் பற்றிப் பேசினார்.

மூன்று தடவை கேட்பது

எங்கள் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன தப்பு என்றே புரியாது. கரமனை, வலியசாலை, ஸ்ரீவராகம், எங்கே போனாலும் ஒரே சட்டம்தான். ஒருத்தர் முதல் தடவை கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் ‘ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால் ‘நீங்க இவ்வளவு சொல்றேளேன்னு’ என்று தொடங்கி வாங்கிக்கொள்ளலாம். கேட்ட உடனே கையை நீட்டினால் அலைகிற குடும்பம் என்று பெயர் வரும். கேட்கிறவருக்கும் இது தெரியும். அவரும் மூன்று தடவை கேட்பதற்குத் தயாராகத்தான் வருவார்.

என் சித்தி ஒருத்தி நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய், விடியற்காலையிலிருந்து பத்து மணிவரை காபி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பரிமாறியவன் புதுப் பையன்; ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்ததும் சித்தி சொன்னாள், “நன்னாத்தான் பண்ணினா. ஆனா உபசாரம் போறாது.” தலைவலியோடு வந்து படுத்தவள் சாயந்திரம்தான் எழுந்தாள்.

எனக்கே ஒன்று நடந்தது. நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு தடவை டெல்லியில் ஆறு வாரப் பயிற்சிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. மேலதிகாரி கோட்டயத்துக்காரர், என்னைக் கூப்பிட்டு, “கோமதி போறியா?” என்று கேட்டார். எனக்குப் போக வேண்டும் என்று உயிராக இருந்தது. “எனக்கெதுக்கு சார், வேற யாராவது போகட்டுமே,” என்றேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் வேறு பெயரை எழுதிவிட்டார். இன்றுவரை நான் டெல்லி பார்க்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதேதான். பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். “உங்க இஷ்டம்,” என்றேன். நல்லவேளை, அம்மா இந்தத் தெருக்காரி. மூன்று தடவை கேட்டாள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை லூர்தெஸ் அம்மா ‘சரி’ என்றதும் நான் கவலைப்படவே இல்லை. முதல் தடவை முடிந்தது, அடுத்த வாரம் இரண்டாவது என்று கணக்குப் போட்டேன். அடுத்த வாரம் அவர் கோழிகளைப் பற்றிப் பேசினார். அதற்கு அடுத்த வாரம் தலைவலி என்று வரவே இல்லை. ஐரோப்பாவில் எல்லாம் நிதானமாகத்தான் செய்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். புத்தி அப்படிப் போயிற்று.

மீராவின் போன்

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை, மீரா கூப்பிட்டாள். குரல் பட்டும் படாமலும் இருந்தது.

“அம்மா, டிசம்பர்ல இங்கயே ரெஜிஸ்டர் பண்ணிண்டு, ஒரு லஞ்ச் குடுத்துடலாம்னு இருக்கோம். நீயும் அப்பாவும் வீடியோல பாருங்கோ. அவ்வளவுதான்.”

“பின்னே கரமனைல?”

“கரமனைல என்ன? நீதானே வேண்டாம்னுட்டே.”

“நான் எங்கடி வேண்டாம்ன்னேன்?”

“லூர்தெஸ் ஆன்ட்டி நேரா கேட்டாளாம். நீ சிரிச்சிண்டே, கையெல்லாம் ஆட்டி, தேவையே இல்லைன்னியாம்.”

“அது உபசாரத்துக்குச் சொன்னதுடி! இன்னொரு வாட்டி கேட்டிருந்தா...”

“அம்மா!” என்றாள் மீரா. “அவா எதுக்கும்மா இன்னொரு வாட்டி கேப்பா? வேண்டாம்னா வேண்டாம்தானே? அவா என்ன நெனச்சிண்டிருக்கா தெரியுமா? உன் தெருக்காரா முன்னாடி அவாளையும் நூனோவையும் நிறுத்த உனக்கு வெக்கமா இருக்குன்னு.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீ எடுத்துச் சொல்லப்படாதோ?”

“சொல்லாம இருப்பேனா? எங்க ஊர்ல இது வழக்கம்னு சொன்னேன். நான் அவாளைச் சமாதானம் பண்றேன்னு நெனச்சிண்டு என் கையைத் தட்டிக் குடுத்தா. அறுபத்தெட்டு வயசுல முதல் தடவையா பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு போட்டோ எடுத்துண்டிருக்காம்மா. அதுக்காக முடியெல்லாம் வெட்டிண்டு. அந்த போட்டோவை இப்போ டிராயர்ல போட்டுட்டா.”

போனை வைத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய் நின்றேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. இவர் வந்துதான் அணைத்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஏன் இடிஞ்சுபோய் நிக்கறே? மீராவை விட்டு இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு. இல்லைன்னா நூனோ சொல்லட்டும்,” என்றார்.

“வேண்டாம்னு சொன்னது என் வாய். வேணும்னு மட்டும் வேற யாராவது சொல்லுவாளா?”

அவர் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார்.

போர்டில் ஒரு வால்

இவ்வளவையும் நான் வகுப்பில் நின்றுகொண்டு சொல்லி முடித்தேன். நர்ஸ் பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். ஷீபா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மூணு பிராவசியமோ! எங்க ஆலப்புழையில் ரெண்டு மதி அம்மே,” என்றார். அங்கே இரண்டு தடவை கேட்டால் போதுமாம்.

செல்வினுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. களியக்காவிளைக்காரர், ஆறு அண்ணன் தம்பிகளோடு பிறந்தவர். “நாங்க கேட்ட உடனே எடுத்துருவோம் கேட்டியளா. ரெண்டாவது கேக்கது வரைக்கும் காத்திருந்தா அடுத்தவன் தின்னுட்டுப் போயிருவான்,” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு அது.

டீச்சர் போர்டில் இருந்த ஒன்பதாம் பாடத்தை அழித்துவிட்டு, விரும்புவது என்ற வினைச்சொல்லை எழுதினார். அதன் முடிவில் ‘ஈயா’ என்ற வாலைச் சேர்த்தார். கொஷ்தரீயா. விரும்புவேன், ஆசையாக இருக்கும். பேசுவது, அதோடு ஈயா. சாப்பிடுவது, அதோடு ஈயா. முழுச் சொல்லையும் அப்படியே வைத்துக்கொண்டு வாலை மட்டும் ஒட்ட வேண்டியதுதான். அடங்காத பிள்ளைகள் மூன்றே மூன்று: செய்வது, சொல்வது, கொண்டுவருவது. அவை மட்டும் உடம்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும்.

“இவ்வளவுதானா?” என்றேன். முந்தைய மாதம் இறந்த காலம் படித்து இடுப்பு ஒடிந்து போயிருந்தேன். அதோடு பார்த்தால் இது குழந்தைப் பாடம்.

“இவ்வளவுதான். அங்கே சாதாரணமா பேசும்போ இதைவிட எளிசா வேற மாதிரி சொல்லும். இது கொஞ்சம் பட்டுப்புடவை உடுத்தின மாதிரி இருக்கும். சாரமில்லா, பரவாயில்லை, கல்யாணக் காரியமல்லே,” என்றார் டீச்சர். பிறகு, ஒவ்வொருவரும் எழுந்து ஓர் ஆசையைச் சொல்ல வேண்டும் என்றார்.

ஒரு நர்ஸ் எட்டு மணி நேரம் தூங்குவேன் என்றாள். இன்னொருத்தி அம்மாவுக்கு வாஷிங் மெஷின் கொண்டுவருவேன் என்றாள். செல்வின் லிஸ்பனில் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் செய்து போடுவேன் என்று அமர்க்களமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. எழுந்தேன். “எவு கொஷ்தரீயா...” என்றேன். நின்றுவிட்டது.

சொல் மறக்கவில்லை. ‘எனக்கு ஆசை’ என்று ஏழு பேருக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. டீச்சர் நல்ல மனசோடு, “சரி, தமிழில் பறயூ அம்மே,” என்றார். தமிழிலும் வரவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். குழந்தைக்கு ஆசை, அவருக்கு ஆசை, மாமியாருக்கு ஆசை என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். எனக்கு ஆசை என்று தொடங்கி முற்றுப்புள்ளிவரை போன ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை.

“வீட்டில் பிராக்டீஸ் செய்யூ,” என்றார் டீச்சர்.

வீட்டில் பிராக்டீஸுக்கு இருந்தவர் ஒரே ஒரு ஆள். மறுநாள் சாயந்திரம் இவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, ‘உனக்கு என்ன வேண்டும்’ என்பதைப் போர்ச்சுகீசியத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, “எவு கொஷ்தரீயா... ஒரு காபி. நீங்க போட்டது,” என்றேன்.

“போர்ச்சுகீஸ்ல சொல்லு.”

“காபிக்கு அங்கேயும் கஃபேதான். போய்ப் போடுங்கோ.”

போட்டார். சர்க்கரை இரண்டு மடங்கு. இவர் காபி போடுவது புதிதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் போட்டிருக்கிறார். நானாகக் கேட்டு வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை. தித்திப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வியாழக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று முழு வாக்கியத்தையும் சொன்னேன். செல்வின் கை தட்டினார்.

சனிக்கிழமை நாலு மணி

எங்களுக்கு மத்தியானம் நாலு மணி என்றால் அங்கே காலை பத்தரை. மீராவிடம் சொல்லாமல் நேராக லூர்தெஸ் அம்மாவுக்கே வீடியோ கால் போட்டேன். இரண்டு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று என் கையில். இன்னொன்றை இவர் போனுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

லூர்தெஸ் அம்மா சமையல் ஏப்ரனோடு வந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தது அழகாக இருந்தது. என் முகத்தைத் தனியாகப் பார்த்ததும் பயந்துவிட்டார். “மீரா?” என்றார்.

மீரா நன்றாக இருக்கிறாள் என்றேன். அந்த வார்த்தை சுலபம்.

பிறகு முதல் தாளைப் பார்த்தேன். வாசித்தேன். “நான் வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அது வேண்டாம் இல்லை.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். வேகமாக ஏதோ சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. நான் கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினேன். இவர் இரண்டாம் தாளை இன்னும் உயரத் தூக்கினார். நான் அதைப் பார்க்கவில்லை.

“எவு கொஷ்தரீயா,” என்றேன். உங்களை இங்கே பார்க்க எனக்கு ஆசை. என் வீட்டில். எங்கள் தெருவில்.

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லா வாலும் வந்தது. ஏர்போர்ட்டுக்கு வருவேன். மிளகாய் இல்லாமல் சமைப்பேன். பூ கொண்டுவருவேன். உங்களை எல்லாருக்கும் காட்டுவேன், இவர்தான் என் சம்பந்தி என்று சொல்லுவேன். அடங்காத பிள்ளைகள் மூன்றில் இரண்டைத் தப்பாகத்தான் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது. நிறுத்தவில்லை.

பேசி முடித்தேன். லூர்தெஸ் அம்மா அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவருக்குப் பின்னால் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவளை யாரும் மறுக்க முடியாது. இப்போது நான் கேட்டுவிட்டேன். அவர் முடியாது என்று சொல்லலாம். நிஜமாகவே சொல்லலாம். இந்த அறுபது வருஷத்தில் யாருக்கும் நான் அந்த வாய்ப்பைக் கொடுத்ததில்லை என்று அந்த நிமிஷத்தில் புரிந்தது.

லூர்தெஸ் அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். மெதுவாக, எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். ஜனவரியில். அங்கே. சூடாக இருக்குமா?

“ரொம்ப,” என்றேன். “ரொம்ப ரொம்பச் சூடு.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு விரலைக் காட்டிவிட்டு எழுந்து போனார். திரையில் காலி நாற்காலி மட்டும் இருந்தது.

“என்ன ஆச்சு? கோவிச்சுண்டு போயிட்டாளா?” என்றார் இவர், தாளைத் தூக்கிய கையை இன்னும் இறக்காமல்.

“பேசாம இருங்கோ.”

எங்கோ டிராயர் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். மூக்குக் கண்ணாடி, பேனா, ஒரு வெள்ளைத் தாள் எல்லாவற்றோடும் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஊரின் பெயரைக் கேட்டார். திருவனந்தபுரம் என்றேன். அதை எழுதும் எண்ணமே இல்லாமல் கையை வீசிவிட்டார். அதில்லை, தெரு இருக்கிற இடம், வீடு இருக்கிற இடம் என்றார். கரமனை என்றேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார். அவர்களுடைய எழுத்துகளின் பெயர்களை நான் முதல் பாடத்தோடு மறந்திருந்தேன். விரலால் காற்றில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார்.

பிறகு அந்தத் தாளைக் கேமராவுக்கு மிக அருகில் தூக்கிப் பிடித்தார். அவர் முகம் மறைந்துவிட்டது. மேலே ஜனவரி என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில், எங்கள் கரமனை. தாளுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. சரியா என்று கேட்டார்.

“சரி,” என்றேன். தமிழில்தான் வந்தது. அழுதுகொண்டிருந்தேன். அவர் தாளை இறக்கிப் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியையும் கழற்றி ஏப்ரனில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோவிலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வரலாமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.